நமுத்த வெடிமருந்து

என் துப்பாக்கிக்காரியைக் கொன்றவன் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டில் இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கேசரி சாப்பிட்டுக்கொண்டே கொன்றான். அவள் கற்பனைப் பெண்தான். ஒரு தாளில் பென்சிலால் எழுதிய பெயரும் சில எண்களும்தான் அவள். ஆனாலும் அதற்கு நான் அவனுக்குத் திருப்பிக் கொடுத்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு குளிர்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் காலேஜில் சேர்ந்திருந்த புதிது. எங்கள் வீடு பம்மலில். அப்பாவுக்கு டேனரியில் வேலை. ஆட்டுத்தோல் வந்து இறங்கும் இடத்திலிருந்து பதனிட்டு அடுக்கும் இடம் வரைக்கும் எல்லா வேலையும் பார்த்திருக்கிறார். அண்ணன் தாம்பரத்தில் டிகிரி படித்தான். அவனுடைய வகுப்புத் தோழன்தான் மாடிவீட்டுக்காரன். அமெரிக்காவிலிருந்து வந்த சித்தப்பா அவனுக்கு ஒரு விளையாட்டைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். தடித்தடியாக இரண்டு புத்தகம், ஒரு வெல்வெட் பையில் விதவிதமான பகடைகள்.

அது காய் நகர்த்தும் விளையாட்டு இல்லை. ஒருவன் கதையை நடத்துவான், அவனுக்கு மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருவன் வாள்வீரன், ஒருவன் மந்திரவாதி. "முன்னால ஒரு பாலம், அந்தப் பக்கம் ஒரு பூதம் நிக்குது, என்ன பண்றீங்க?" என்று மாஸ்டர் கேட்பான். நாம் செய்ய நினைப்பதைச் சொல்ல வேண்டும். அது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை முடிவு செய்யும். பெரிய எண் விழுந்தால் நல்லது, சின்ன எண் விழுந்தால் அடி. மாஸ்டர் சொன்னால் மழை பெய்யும், மாஸ்டர் சொன்னால் ராஜா சாவான். அந்த வீட்டில் எப்போதும் அவன்தான் மாஸ்டர்.

ஆட்டத்துக்கு ஒரு ஆள் குறைந்தது என்று அண்ணன் என்னைக் கூட்டிப்போனான். அம்மாவிடம், "அங்க எல்லாம் இங்கிலீஷ்ல பேசுவாங்கம்மா, இவளுக்கும் பழகும்" என்றான். அது பொய்யில்லை. அங்கே இன்னொருவனும் வருவான். பொழிச்சலூர்க்காரன், சோடாபுட்டிக் கண்ணாடி, வாயில் எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பான். அவன் மந்திரவாதி. அண்ணன் வாள்வீரன்.

மாடிவீட்டுக்காரன் எனக்கு ஒரு தாளை நீட்டினான். "உனக்கு ஹீலர். அடிபட்டவங்களுக்குக் கட்டுப் போடற வைத்தியச்சி. கேர்ள்ஸுக்கு அதுதான் சூட் ஆகும்."

"எனக்குத் துப்பாக்கி வேணும் அண்ணா" என்றேன்.

மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்கு அது விளையாட்டாக வந்த ஆசை இல்லை. எங்கள் வீட்டில் தீபாவளிக்கு ரோல் கேப் துப்பாக்கி அண்ணனுக்கு மட்டும்தான். எனக்குக் கம்பி மத்தாப்பு. அண்ணன் டப் டப்பென்று தெருவெல்லாம் சுட்டுக்கொண்டு ஓட, நான் வாசலில் நின்று கம்பி மத்தாப்பைச் சுற்றிக்கொண்டிருப்பேன். காசு கொடுக்காமல் எனக்கு ஒரு துப்பாக்கி கிடைக்கக்கூடிய இடம் இந்த ஆட்டம் ஒன்றுதான்.

"டிராகன் இருக்கற வேர்ல்டுல துப்பாக்கி எப்படி வரும்?" என்றான்.

"டிராகன் எப்படி வந்துச்சோ அப்படித்தான்" என்றேன். கண்ணாடிக்காரன் மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

மாடிவீட்டுக்காரனுக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓகே. ஆனா புக்ல ரூல் இல்ல, நான் சொல்றதுதான் ரூல்" என்றான். விரல் விட்டுச் சொன்னான். ஒருமுறை சுட்டால் மறுபடி மருந்து கெட்டிக்க இரண்டு சுற்று ஆகும், அதுவரை சும்மா நிற்க வேண்டும். மழையில் சுடுவதானால் முதலில் ஒரு பகடை, பத்துக்குக் கீழே விழுந்தால் மருந்து நமுத்துவிட்டது என்று அர்த்தம். சுடும்போது ஒன்று, இரண்டு, மூன்று விழுந்தால் துப்பாக்கிக் குழாய் வெடித்துக் கை போகும். விழுந்தது விழுந்ததுதான், மறுபடி உருட்டக் கூடாது.

நான் சம்மதித்தேன். எனக்கு ஒரு பெண் கிடைத்துவிட்டாள். அகலத் தொப்பி, முழங்கால் வரைக்கும் தோல் பூட்ஸ், இடுப்பில் துப்பாக்கி. அவளுக்கு நீச்சல் தெரியும் என்று எழுதிக்கொண்டேன். எனக்குத் தெரியாது என்பதால் அவளுக்காவது தெரியட்டும் என்று.

அதற்குப் பிறகு அவன் உலகத்தில் மழை நிற்கவே இல்லை. அண்ணனின் வாள் வெயிலிலும் வெட்டியது, மழையிலும் வெட்டியது. என் துப்பாக்கி மட்டும் நமுத்த ஊசிவெடி மாதிரி புஸ்ஸென்று அடங்கும். பாலைவனத்துக்குப் போனோம். அங்கேயும் மழை. "அண்ணா, பாலைவனத்துல எப்படி மழை?" என்று கேட்டால், "மேஜிக்" என்பான்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். எப்போதாவது ஒரு குண்டு பாயும். அந்த ஒரு குண்டுக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பேன். பொறுக்க முடியாதது வேறு.

ஒரு ஊருக்குள் எங்கள் பாத்திரங்கள் நுழைந்தார்கள். மாடிவீட்டுக்காரன் கதை சொன்னான். "ஊர் ஜனங்க எல்லாரும் மூக்கப் பொத்திக்கறாங்க. ஏன்னு கேளுங்க."

"ஏன்?" என்றான் அண்ணன்.

"துப்பாக்கிக்காரி வர்றா இல்ல. அவ மேல ஒரே தோல் நாத்தம். பம்மல் காத்து அடிக்குதுன்னு ஓடறாங்க."

சொல்லிவிட்டு அவனே மூக்கைப் பொத்திக் காட்டினான். கண்ணாடிக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். என் அண்ணன் சிரித்தான். அதே வீட்டில் அதே வாசனையில் பிறந்து வளர்ந்தவன், வாய் விட்டுச் சிரித்தான். நான் என் துப்பட்டாவின் முனையைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வாசனை துணியில் இருக்கிறதா என்று அதுவரை நான் முகர்ந்து பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அங்கே வைத்துப் பார்க்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஊரிலும் அதே வேடிக்கை. சத்திரத்தில் அவளுக்கு மட்டும் குதிரைக் கொட்டடியில் இடம். கடைக்காரன் அவளுக்குத் தண்ணீரைத் தூக்கி ஊற்றுவான், சொம்பைக் கையில் தர மாட்டான். மாடிவீட்டுக்காரனுக்கு இதற்கெல்லாம் பகடை தேவைப்படவில்லை.

கேசரி ஞாயிறன்று ஒரு ஆற்றுப்பாலத்தில் பூதத்தோடு சண்டை. மழை. அதிசயமாக மருந்து நமுக்கவில்லை. சுட்டேன். இரண்டு விழுந்தது.

"குழாய் வெடிச்சுது. கை போச்சு. ஆத்துல விழுந்துட்ட. செத்துட்ட" என்றான், ஒரு வாய் கேசரியை எடுத்தபடி.

"நீச்சல் தெரியும்னு எழுதியிருக்கேன் அண்ணா."

"ஒரு கையால நீச்சலா? தாளக் குடு." வாங்கி, இரண்டாக மடித்து, கேசரித் தட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டான். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினான். "மச்சான், பாலத்துல ஒரு துப்பாக்கி கிடக்குது பாரு. எடுத்துக்கோ."

"அதுதான் வெடிச்சுடுச்சே" என்றேன்.

"இது அந்தப் பூதத்தோட துப்பாக்கி. குள்ளர்கள் செஞ்சது. மழைல நமுக்காது, வெடிக்கவும் செய்யாது." அண்ணன் எடுத்துக்கொண்டான். முதல் சுற்றிலேயே பூதத்தைச் சுட்டு வீழ்த்தினான். கைதட்டினார்கள்.

பஸ் ஸ்டாப்பில் அண்ணன் கேட்டான். "இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சுகினு வர்ற? கேம்தானே."

"நீ எதுக்கு சிரிச்ச?"

"எப்போ?"

"மூக்கப் பொத்தினானே, அப்போ."

அவன் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தான். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தான். நான் உட்காரவில்லை.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அழுது தீர்க்கும் கோபம் இல்லை அது. அவனை அவன் விளையாட்டிலேயே அடிக்க வேண்டும். எல்லோரும் பார்க்க அடிக்க வேண்டும். அடித்தது நியாயம்தான் என்று அவன் வாயாலேயே ஒப்புக்கொள்ளும்படி அடிக்க வேண்டும்.

ராஜகீழ்ப்பாக்கத்துக்குப் போவதை நிறுத்தினேன். சொந்தமாக ஓர் உலகம் செய்ய ஆரம்பித்தேன். அவனுடையது டிராகன் திரியும் இங்கிலீஷ் தேசம். என்னுடையதில் ஏரி இருந்தது, மொட்டைப் பாறை மலை இருந்தது, ஐப்பசியில் அடைமழை இருந்தது. துப்பாக்கிக்கு ஒழுங்கான விதிகள் யோசித்தேன். அந்தத் தீபாவளிக்கு வாங்கிய ஊசிவெடியில் கொஞ்சத்தை மழையில் வெறுமனே போட்டேன், கொஞ்சத்தை பிளாஸ்டிக் கவரில் சுருட்டிப் போட்டேன். அம்மா, "இன்னாடி இது, வெடிக்க வாங்குனத மழையில ஊற வெச்சுகினு கீற?" என்று திட்டினாள். வெறுமனே கிடந்தது ஒன்றும் வெடிக்கவில்லை. கவரில் இருந்தது எல்லாம் வெடித்தது. ஆகவே என் விதி சுலபமானது. மருந்தை மூடி வைத்திருந்தால் நமுக்காது, கூரைக்கு அடியில் நின்று சுட்டால் நமுக்காது. குழாய் முதல் தடவை விரிசல் விடும், இரண்டாம் தடவைதான் வெடிக்கும். கவனமாக இருப்பவன் பிழைக்க வழி இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

கண்ணாடிக்காரனைப் பல்லாவரம் மார்க்கெட்டில் பார்த்தேன். "நீ வர்றதில்லன்னு போரடிக்குது தங்கச்சி. எப்பப் பாத்தாலும் உங்க அண்ணன்தான் சுட்டுகினு இருக்கான்" என்றான்.

"நான் ஒண்ணு நடத்தப்போறேன். வர்றீங்களா அண்ணா?"

"நீ மாஸ்டரா?" கொஞ்சம் தயங்கினான். "பகடைக்கு எங்க போவ? அத அவன் தர மாட்டானே."

தம்போலா ஆடும் எண் வில்லைகளில் ஒன்று முதல் இருபது வரை எடுத்து ஒரு துணிப்பையில் போட்டுக் கையோடு வைத்திருந்தேன். குலுக்கி ஒன்றை எடுக்க வேண்டும், பார்த்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். அவன் பையை வாங்கி ஒரு தடவை குலுக்கிப் பார்த்தான். "சத்தம் நல்லாக் கீது" என்றான். அவனுடைய மந்திரவாதி அன்றைக்கே என் உலகத்துக்குக் குடிவந்தான்.

பொழிச்சலூரில் அவன் வீட்டு மொட்டைமாடியில் ஆடினோம். தலைக்கு மேலேயே விமானம் போகும். அது போகும்வரை யார் பேசினாலும் கேட்காது, அப்படியே நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். என் கல்லூரித் தோழிகள் இருவர் சேர்ந்தார்கள். எல்லோரும் துப்பாக்கி கேட்டார்கள், எல்லோருக்கும் கொடுத்தேன். அண்ணன் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு, ஒரு ஞாயிறு பின்னாலேயே வந்தான். "நான் வெறும் வாளே வெச்சுக்கறேன்" என்றான். சரி என்றேன். அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

ராஜகீழ்ப்பாக்கத்தில் மாஸ்டர் இருந்தான், ஆட ஆள் இல்லை. நான் எதிர்பார்த்த மாதிரியே கடைசியில் அவன் வந்தான். ஒரு பாக்கெட் பிஸ்கட்டோடு மொட்டைமாடிப் படியேறி வந்து, "என்னையும் சேத்துக்கலாமே. எனக்கு பிளேயரா ஆட சான்ஸே கிடைச்சதில்ல" என்றான். அது உண்மைதான். பாவமாகக்கூட இருந்திருக்கும், வேறு யாருக்காவது.

"என்ன வேணும் அண்ணா உங்களுக்கு?"

"துப்பாக்கிக்காரன்" என்றான்.

"இங்க துப்பாக்கி ரூல் என்னோடது. மூடி வெச்சா நமுக்காது, ஒரு தடவை விரிசல் விட்டப்புறம்தான் வெடிக்கும். இல்ல, உங்க ரூல் வேணும்னா உங்களுக்கு மட்டும் அதையே வெச்சுக்கலாம். எது வேணும்?"

அவன் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். தோழிகள் இருந்தார்கள். "உன்னோடது ரொம்ப சாஃப்ட். குழந்தைங்க ஆடற மாதிரி. என்னோடதே போதும்."

"ஞாபகம் இருக்கா? இரண்டு சுற்று, பத்துக்குக் கீழ போனா நமுத்தது, மூணு வரைக்கும் குழாய் வெடிக்கும், மறுபடி எடுக்கக் கூடாது."

"நான் சொன்னதுதானே. எனக்குத் தெரியாதா?"

கண்ணாடிக்காரன் மட்டும் என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

கதையில் அது ஐப்பசி. அதை முந்தின வாரமே சொல்லியிருந்தேன். மலையடிவாரத்தில் கொள்ளைக்காரர்களைப் பிடிக்க வேண்டும். மற்றவர்கள் பின்பக்கமாக ஏறினார்கள். அவன் தனியாக முன்பக்கம் போகிறேன் என்றான். நான் இடத்தைச் சொன்னேன். "மழை கொட்டுது. எதிர்ல கொள்ளைக்காரத் தலைவனும் அவன் ஆளுங்களும். இடப்பக்கம் முள்ளுப் புதர். வலப்பக்கம் பாறையில ஒரு குகை, வாய் அகலமா இருக்கு." மற்றவர்களுக்குச் சொன்ன அதே குரலில்தான் சொன்னேன். அவன் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். நான் பேசும்போது அவன் கவனித்ததே கிடையாது.

"சுடறேன்" என்றான்.

பையைக் குலுக்கி நீட்டினேன். மருந்து நமுக்கவில்லை. அடுத்த வில்லையில் குண்டு ஒரு அடியாளைச் சாய்த்தது. அவன் முகம் மலர்ந்துபோனது. "பாத்தியா" என்றான் அண்ணனிடம்.

இரண்டு சுற்று அவன் மழையில் நின்று மருந்து கெட்டித்தான். கொள்ளைக்காரர்கள் நெருங்கினார்கள். மறுபடி வில்லை எடுத்தான். ஆறு. நமுத்துவிட்டது.

"ஓடறீங்களா, நிக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"நிக்கறேன். புது மருந்து போடறேன்." இரண்டு வெட்டு வாங்கிக்கொண்டு நின்றான். இந்தத் தடவை மருந்து நமுக்கவில்லை. சுடுவதற்குக் கையைப் பைக்குள் விட்டான். அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் வந்தது. தலையை உரசுகிற மாதிரி இரைச்சல். அவன் வில்லையை எடுத்துப் பார்த்தான், உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. உள்ளங்கையை மூடிக்கொண்டான். விமானம் போன பிறகு நான் கையை நீட்டினேன். கொடுத்தான். மூன்று.

"குழாய் வெடிச்சுது. கை போச்சு" என்றேன்.

"சத்தத்துல சரியா எடுக்கல. இன்னொரு தடவை எடுக்கறேன்."

"உங்க ரூல்ல இன்னொரு தடவை கிடையாதுண்ணா."

அவன் அண்ணனைப் பார்த்தான். "மச்சான், நீ சொல்லுடா."

அண்ணன் தன் கையில் இருந்த தாளைக் கீழே வைத்தான். "நீ சொன்ன ரூல்தானே மச்சான். என் தங்கச்சி அதத்தான் சொல்லுது" என்றான். அவன் வாயிலிருந்து 'என் தங்கச்சி' என்ற வார்த்தை வர எவ்வளவு நாள் ஆகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கொள்ளைக்காரத் தலைவன் கத்தியை ஓங்கினான். நான் வில்லை எடுத்தேன், எல்லோரும் பார்க்க எடுத்தேன், பத்தொன்பது. மாடிவீட்டுக்காரனின் துப்பாக்கிக்காரன் சேற்றில் விழுந்து செத்தான். அங்கேயே விட்டிருக்கலாம். விட எனக்கு மனசில்லை.

"மழை விட்டதும் ஊர் ஜனங்க வர்றாங்க. பொணத்தப் பாக்கறாங்க. யாரும் தொடல. கால்ல இருக்கற பூட்ஸ மட்டும் கழட்டறாங்க. ஒருத்தன் தடவிப் பாத்து சொல்றான், நல்ல தோலு, பம்மல் சரக்கு, இந்த ஆளுக்கு இது ஜாஸ்தி."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காததுதான் எனக்கு வேண்டியிருந்தது. மாடிவீட்டுக்காரன் காதுவரைக்கும் சிவந்து உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து, "இது கேமே இல்ல" என்றான்.

"கேம்தான்" என்றேன். "உங்க தாளக் குடுத்துட்டுப் போங்க."

கொடுத்துவிட்டுப் போனான். படியில் அவன் செருப்புச் சத்தம் கீழே போய் மறைகிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன். அப்பா வேலையிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அதே வாசனை. அவருக்கு ரசம் ஊற்றினேன்.

எங்கள் ஆட்டம் அதற்குப் பிறகும் வெகுநாள் நடந்தது. படிப்பு முடிந்து ஆளாளுக்கு வேலை, கல்யாணம் என்று போகிறவரை. அவன் வரவே இல்லை. மனம் இளகும், பழசு மறக்கும் என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை.

தொண்ணூறுகள் முடிகிற சமயம், தாம்பரம் ஸ்டேஷனில் அவனைப் பார்த்தேன். இரண்டு பேருமே ஆபீஸ் பையோடு பீச் ஸ்டேஷன் போகும் மின்சார வண்டிக்கு நின்றிருந்தோம். லேசாகத் தொப்பை போட்டிருந்தான். அவனேதான் பக்கத்தில் வந்தான். அண்ணனை விசாரித்தான், என் வேலையை விசாரித்தான், மரியாதையாக நீங்கள் என்று பேசினான். அப்புறம் செருப்பு நுனியால் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"ஒண்ணு கேக்கலாமா? அன்னிக்கு அங்க ஒரு குகை இருந்துச்சாமே. அப்புறமா அவன் சொன்னான், பொழிச்சலூர்க்காரன்."

"ஆமா. சொன்னேன்."

"எனக்குக் கேக்கல. அதுக்குள்ள போய் நின்னு சுட்டிருந்தா மழையே பட்டிருக்காது இல்ல? ஒருத்தர் ஒருத்தராத்தான் உள்ள வந்திருப்பாங்க. எப்பவாவது ஞாபகம் வரும். பஸ்ல போறப்ப, சும்மா இருக்கறப்ப. ஜெயிச்சிருப்பேனோன்னு."

இத்தனை வருஷம் அவன் அந்த மழையிலேயே நின்றிருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் நினைத்ததைவிடப் பெரிய அடியாகத்தான் விழுந்திருக்கிறது. குகை நன்றாகக் காய்ந்து கிடந்தது. வாயருகே சுள்ளிக்கட்டுகூட அடுக்கி வைத்திருந்தேன். உள்ளே போயிருந்தால் அவன் கட்டாயம் ஜெயித்திருப்பான்.

"இல்ல" என்றேன். "அந்தக் குகை ஒழுகும். உள்ள போயிருந்தாலும் செத்துத்தான் போயிருப்பீங்க."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். நிம்மதியா ஏமாற்றமா என்று முகத்தில் தெரியவில்லை, நான் அதைத் தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. வண்டி வந்தது. நான் லேடீஸ் பெட்டியில் ஏறி, ஜன்னலோரமாக இடம் கிடைத்து உட்கார்ந்தேன். சானடோரியம் தாண்டும்போது டேனரிப் பக்கத்திலிருந்து காற்று அடித்தது. பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மாள் மூக்கைப் பொத்தக் கைக்குட்டையை எடுத்தாள். நான் ஜன்னல் ஷட்டரை இன்னும் மேலே தூக்கிவிட்டேன்.